எதிர்க்கடை இசைத்தட்டு

என் வீட்டுக்காரருக்குப் பொறாமை என்று சொன்னால் கோபம் வரும். அதனால் வயிற்றெரிச்சல் என்றே சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு வருடமாகச் சிடி விற்கிறார். எந்தச் சிடியையும் முதல் பாட்டு முழுக்கப் போட்டுக் கேட்காமல் யாருக்கும் கொடுக்க மாட்டார். வாங்க வந்தவர் பஸ்ஸைத் தவறவிட்டாலும் சரி, அவருக்குக் கவலையில்லை.

இப்போது அதற்கும் வழியில்லை, ஆள் வந்தால்தானே. போன வருடம் அவர் தம்பி, என் கொழுந்தனார், தெருவுக்கு எதிர்ப்பக்கம் கடை போட்டார். பழைய காலத்துப் பெரிய கறுப்பு இசைத்தட்டு, ஆனால் புதிதாக அச்சடித்தது. "செத்துப்போன சரக்கை விக்கிறான், பைத்தியக்காரன்" என்று இவர் சிரித்தார். ஒரே மாதத்தில் அங்கே கூட்டம் நிற்க ஆரம்பித்தது. அன்றிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை.

அதுகூடப் போகட்டும். எங்கள் மகள் சொந்தமாகப் பாட்டெழுதிப் பாடுகிறவள். அவளுடைய முதல் ஆல்பத்துக்காகவே முன் அலமாரியின் மேல்தட்டை நாலு வருடமாகக் காலியாக வைத்துத் தினமும் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் சிடி போடவே இல்லை. முந்நூறு இசைத்தட்டு அச்சடித்துச் சித்தப்பா கடையில் வைத்துவிட்டாள்.

"யாருப்பா இப்ப சிடி வாங்குறாங்க?" என்றவள், அவருக்கும் ஒன்று கொடுத்தாள். வீட்டில் அதைப் போட்டுக் கேட்க மிஷின் இல்லை. பீரோ மேல் வைத்தவர், பிளாஸ்டிக் உறையைக்கூடக் கிழிக்கவில்லை.

போன வாரம், மகளின் இசைத்தட்டும் கையுமாக எதிர்க்கடையிலிருந்து வந்த ஒருவரைத் தெருவிலேயே மடக்கினார்.

"வீட்ல என்ன பிளேயர் வச்சிருக்கீங்க?"

"பிளேயர் எல்லாம் இல்லைங்க. அட்டைப்படம் நல்லா இருக்கு, சுவத்துல மாட்டலாம்னு."

கேட்க வேண்டுமா? இவருக்குக் கால் தரையில் பாவவில்லை. நேராகத் தம்பி கடைக்குள் நுழைந்தார். வேடிக்கை பார்க்க நானும் பின்னாலேயே போனேன்.

"டேய், நீ பாட்டா விக்கிற? காலண்டர் விக்கிற! எம்பொண்ணு பாட்டை ஒருத்தனும் கேக்கலடா!"

சொல்லும்போது முகத்தில் அத்தனை சந்தோஷம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கொழுந்தனார் ஒரு தட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே, "பாதிப் பேர் அப்படித்தாண்ணா. பாப்பாவுக்கும் தெரியும்" என்றார். "அவங்களை விடு. நீ கேட்டியா?"

இவர் திரும்பி, அடுக்கிலிருந்த தட்டுகளைப் புரட்ட ஆரம்பித்தார்.

"அப்பா வந்து கேட்டாரான்னு தினமும் எனக்கு போன் பண்ணுது. நான் என்ன சொல்ல?"

சொல்லிவிட்டு மகளின் தட்டைச் சுழலவிட்டு ஊசியை வைத்தார். சிடி சோதிக்கிற அதே மாதிரி, தலையைச் சாய்த்து நின்றபடியே முதல் பாட்டு முழுவதையும் இவர் கேட்டார். முடிந்ததும் "சிடியில இன்னும் துல்லியமா இருந்திருக்கும்" என்றார்.

அப்புறம் தம்பியிடம், "நீ எத்தனை தடவை கேட்டிருப்ப?" என்றார்.

"தினமும்ணா. கடை திறந்ததும் முதல்ல இதுதான்."

வியாபாரம் படுத்ததற்கெல்லாம் அழாத மனுஷன், அதற்குத்தான் அழுதார்.