காருக்குக் கொடுத்த திருநீறு

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். ஒரு கடிதம் எழுதினால்கூட மகளிடம் காட்டிவிட்டுத்தான் உறையில் போடுவேன். வரிகள் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். வருடம், கிழமை எல்லாம் மறந்துவிட்டன. நடந்தது மட்டும் மறக்கவில்லை.

போன மாதம் மகனுடைய டீசல் கார் பிரிக்பீல்ட்ஸில் நடுச்சாலையில் நின்றுபோனது. பட்டறைக்கு இழுத்துப் போனோம். நான் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மெக்கானிக் பின்சீட்டைத் தூக்கினார். அதற்கடியில் ஒரு வட்ட மூடி. அதைக் கழற்றி, எண்ணெய் டேங்குக்குள் கைவிட்டுப் பம்பை வெளியே எடுத்தார். சொட்டச் சொட்ட வந்தது. அதன் அடியில் கறுப்பாக வண்டல்.

“பம்ப் செத்துப் போச்சு ஆன்டி,” என்றார் என்னைப் பார்த்து, ஏதோ நான்தான் ஓட்டி வந்தேன் என்பது போல.

“புதுசு போட்டு விடு பாஸ், வேலைக்கு நேரமாச்சு,” என்றான் மகன்.

“டேங்க கழுவாம போட்டா அதுவும் செத்துரும் லா. ரெண்டு நாள்ல திரும்பி வந்து என்னைத்தான் ஏசுவீங்க.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டேங்கைக் கழுவாமல் புது பம்ப் போட்ட ஒரு காரை எனக்குத் தெரியும். அப்போது எனக்குப் பத்து வயது.

நாங்கள் கிள்ளானில் இருந்தோம். அப்பாவும் மாமாவும் சேர்ந்து ஒரு டீசல் டாக்சி வைத்திருந்தார்கள். மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. கல்யாணம் ஆகாதவர். எங்கள் வீட்டு முன்னறையில் படுத்துக்கொள்வார். காலையில் மாமா ஓட்டுவார், மத்தியானத்துக்கு மேல் அப்பா. போர்ட் என்கிற துறைமுகத்துக்கும் எங்கள் ஊருக்கும்தான் ஓட்டம். காரைக் கழுவுவதும் எண்ணெய் நிரப்புவதும் மாமாவின் பொறுப்பு. டேங்கில் எவ்வளவு இருந்தது, எவ்வளவு இறங்கியது என்பது அவருக்கு விரல் நுனியில் இருக்கும்.

ஒரு நாள் சாப்பிடும்போது மாமா கேட்டார். “அத்தான், போர்ட்டுக்கும் கிள்ளானுக்கும் ஓடுற காரு இவ்ளோ எண்ணெய் குடிக்குமா? நான் ஓட்டுனா குடிக்க மாட்டேங்குது. உங்ககிட்ட மட்டும் ஏன் இவ்ளோ தாகம்?”

“வண்டி பழசு மச்சான்,” என்றார் அப்பா.

“காலைலயும் அதே பழசுதானே அத்தான்.”

நான் சிரித்தேன். அம்மா என் தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டே இருந்தாள். குழம்பு தட்டை விட்டு வழிந்தது.

தைப்பூசம் வந்தது. அந்த வாரம் முழுக்கப் பத்துமலைக்கு ஆட்களை ஏற்றிப் போக மாமாவுக்கு ஏற்பாடு. மாமா வேகமாக ஓட்டுவார். “என் தம்பி காரு ஓட்டுறதில்ல, பறக்குறான்,” என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிக் கவலைப்பட்டது என் காதில் விழுந்தது. எனக்கு மாமாவை ரொம்பப் பிடிக்கும். அவருக்கு ஏதும் ஆகிவிடக் கூடாது என்று பயமாக இருந்தது.

எங்கள் வீட்டில் யாருக்காவது உடம்புக்கு வந்தால் அம்மா நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, ஒரு சிட்டிகை வாயிலும் போடுவாள். நெற்றியில் பூசுவது வெளிக்கு, வாயில் போடுவது உள்ளுக்கு. ஆயுத பூசையன்று காருக்கு விளக்கிலும் ஸ்டீயரிங்கிலும் பூசியிருந்தார்கள். உள்ளுக்கு ஒருவரும் கொடுக்கவில்லையே என்று எனக்குத் தோன்றியது. காருக்கு வாய் என்று பார்த்தால் எண்ணெய் ஊற்றுகிற இடம்தான். பத்துமலை ஓட்டத்துக்கு முந்தின நாள் மாமா டேங்கை நிரப்பிவிட்டுக் குளிக்கப் போயிருந்தார். நான் சாமி மேடையிலிருந்த பித்தளைக் கிண்ணத்தை எடுத்துப் போய், மூடியைத் திருகி, பெரிய வண்டிக்குச் சிட்டிகை போதாது என்று முழுவதையும் கொட்டினேன். அடியைத் தட்டியும் விட்டேன். வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது என்பார்கள். அதனால் சொல்லவில்லை.

மறுநாள் பாதி வழியில் கார் நின்றது. கயிறு கட்டி இழுத்து வந்து, எங்கள் தெருமுனையிலிருந்த சீனர் பட்டறையில் விட்டார்கள். அந்தக் காலத்துக் காரில் பம்ப் எஞ்சின் பக்கத்தில் இருந்தது. பட்டறைக்காரர் புது பம்ப் மாட்டி, கையால் அழுத்தி அழுத்தி, குழாயிலிருந்த காற்றை வெளியேற்றினார். எண்ணெய் நுரைத்து நுரைத்து வந்து பிறகு தெளிந்தது. கார் ஓடியது. இரண்டு நாள்தான். திரும்பவும் நின்றது. தைப்பூச ஓட்டமெல்லாம் வேறு டாக்சிகளுக்குப் போனது.

இந்த முறை பட்டறைக்காரர் டேங்கையே கீழே இறக்கினார். நான் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போயிருந்தேன். பட்டறைக்காரர் டேங்கின் அடியிலிருந்ததை வழித்து ஒரு செய்தித்தாளில் போட்டார். சாம்பல் நிறத்தில் களி மாதிரி இருந்தது.

“இது மண்ணு இல்ல அண்ணே,” என்றார் பட்டறைக்காரர், தனக்குத் தெரிந்த தமிழில். “அபு, அபு.” மலாய்க்காரர்கள் சாம்பலை அப்படித்தான் சொல்வார்கள்.

அப்பா ஒரு விரலில் அதைத் தொட்டுத் தேய்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். காலையில் கோயிலில் இட்டுக்கொண்ட திருநீறு என் நெற்றியில் இருந்தது.

“மண்ணுதான் பாஸ்,” என்றார்.

“அபு லா.”

“நான் சொல்றேன்ல, மண்ணு.” செய்தித்தாளைச் சுருட்டி அவரே கழிவு எண்ணெய்த் தொட்டிக்குள் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் தெருவே கேட்கிற மாதிரிப் பேசினார். போர்ட்டில் லோரிகளிலிருந்து திருடி விற்கிற மண்ணெண்ணெய் கலந்த டீசலை மாமா வாங்கி ஊற்றியிருக்கிறார், டேங்கில் மண் குவிந்து கிடக்கிறது, பட்டறையில் கேட்டுப் பாருங்கள் என்றார். மாமா முதலில் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தார். “அத்தான், நான் வழக்கமான எண்ணெய் ஸ்டேஷன்லதான் அடிச்சேன். வாங்க, அங்கயே போய்க் கேப்போம்.” அப்பா போகவில்லை. “என் வீட்ல திருடனுக்கு இடமில்ல,” என்றார்.

மாமா பெட்டியைக் கட்டினார். அம்மா வாசலுக்கு வந்து, “ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போடா,” என்றாள்.

“திருட்டு எண்ணெய் வாங்குறவனுக்கு எதுக்குக்கா சோறு.”

பிறகு என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். “நீ சொல்லு. மாமா அப்படிச் செய்வேனா?”

இல்லை என்று தலையாட்டினேன். அவருக்குக் கண் கலங்கியது. “இந்த வீட்ல உனக்காச்சும் தெரியுது,” என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். நான் அவரை நம்பியதாக அவர் நினைத்துக்கொண்டார். நம்பிக்கை எதற்கு, எனக்கு விஷயமே தெரியும்.

மறுநாள் காலை சாமி மேடையில் கிண்ணம் நிறையப் புதுத் திருநீறு இருந்தது. அம்மா என்னை ஒன்றும் கேட்கவில்லை. நான் பிழைத்துவிட்டேன், யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று எனக்கு உள்ளூர சந்தோஷம்கூட. அதை எழுத வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

கார் சரியானது. அதன் பிறகு காலை, மாலை இரண்டும் அப்பாவே ஓட்டினார், அவரே எண்ணெய் நிரப்பினார். டேங்கில் எவ்வளவு இறங்கியது என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை. கிள்ளானிலிருந்து வெகுதூரம் ஓட்டிப் போக வேண்டிய சுங்கை பூலோவில் அவருக்கு இன்னொரு குடும்பம் இருந்தது எனக்குப் பதினேழு வயதில்தான் தெரிந்தது. அங்கே இருந்த பெரிய பிள்ளைக்கு என்னைவிட நான்கு வயதுதான் குறைவு.

பத்து வயதில் எனக்குப் புரியாதது இதுதான். அப்பாவிடமிருந்து நான் எதையும் மறைக்கவில்லை; பட்டறையிலேயே அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. என் தப்பு அவருக்கு வசதியாகக் கிடைத்தது, எடுத்துக்கொண்டார். காலிக் கிண்ணத்தைப் பார்த்த அம்மாவுக்கும் தெரியும். வாயைத் திறந்தால் நான் அடிபடுவேன், திறக்காவிட்டால் தம்பி போய்விடுவான். அவள் என்னை வைத்துக்கொண்டாள். சாகும் வரை தம்பியைப் பார்க்கவில்லை.

மாமா காஜாங் பக்கம் லோரி ஓட்டியதாகவும், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டதாகவும் பிற்பாடு கேள்விப்பட்டேன். தேடிப் போகத் துணிச்சல் வரவில்லை. இப்போது அவர் இல்லை. அவருடைய பிள்ளைகள் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால் ஓர் உதவி செய்ய வேண்டும். கார் சாமான்களின் பெயர், நாள், இடம் எதையாவது நான் தப்பாக எழுதியிருப்பேன். தெரிந்தவர்களிடம் கேட்டுத் திருத்திவிடுங்கள். உங்கள் அப்பா ஊற்றியது நல்ல எண்ணெய் என்று எழுதியிருப்பதை மட்டும் திருத்த வேண்டாம்.