மூட்டுவலிக்கு மழைக்காடு

அம்மா வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். தயிர்ப் பாத்திரத்துக்கும் இட்லி மாவுக்கும் நடுவில் அந்த ஒயின் பாட்டில் நின்றுகொண்டிருந்தது. பாதிக்கு மேல் காலி. அதன் தலையில், இருமல் டானிக்கோடு வரும் அளவு மூடி ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. கடலூரில் அந்த வீட்டில் இருப்பது அம்மா ஒருத்திதான். வேறு யார் குடித்திருக்க முடியும்?

இதில் அதிர்ச்சியடைய என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு எங்கள் அம்மாவைத் தெரியாது. அப்பா இறந்த பிறகு சாராய வாடை உள்ள எதுவும் அவள் வாசற்படியைத் தாண்டியதில்லை. நாட்டு மருந்துக் கடை அரிஷ்டம்கூடக் கூடாது. கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரர்மேல் வாடை அடித்தால், பாயசம் வருவதற்குள் எழுந்து கை கழுவிவிடுவாள். தெருமுனையில் இருந்த மதுக்கடையை எடுக்கச் சொல்லிப் பெண்கள் சாலையில் உட்கார்ந்தபோது, முட்டி வலியோடு முதல் வரிசையில் உட்கார்ந்தவள் அவள்.

காரணம் சொந்தபந்தம் எல்லோருக்கும் தெரியும். குறிஞ்சிப்பாடிப் பக்கம் எங்களுக்கு ஒரு முந்திரித் தோப்பு இருந்தது. அப்பா அதைக் குடித்தே தீர்த்தார். முதலில் சாலையோரத்துத் துண்டு போனது. பிறகு கிணற்றடி. நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் ஒரு மரம்கூட மிச்சமில்லை. தோப்பு தீர்ந்த கொஞ்ச நாளில் அப்பாவும் தீர்ந்துபோனார்.

அப்பேர்ப்பட்ட வீட்டுக்குள் ஒயின் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் தம்பி ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். புத்தாண்டுக்கு அவன் ஆபீசில் ஆளுக்கொரு ஒயின் பாட்டில் கொடுத்தார்கள். அவன் குடிக்க மாட்டான். ஆனால் அந்த லேபிளைப் பார்த்ததும் என் ஞாபகம் வந்ததாம், போட்டோ எடுத்து அனுப்பினான். நான் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். லேபிள் முழுக்க இலைகள், ஒவ்வொரு இலையிலும் நரம்பு பிசகாமல் வரைந்திருந்தார்கள். பின்பக்கத்தில், இந்த ஒயின் விற்கும் பணத்தில் ஒரு பங்கு மழைக்காட்டைக் காப்பதற்கும் அங்கே விளையும் மூலிகைகளைப் பெருக்குவதற்கும் போகிறது என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தது.

“அக்கா, இது ஒனக்குத்தான். லேபிள உரிச்சு கிளாஸ்ல காட்டு. உள்ள இருக்கறத கொட்டிடு” என்றான் தம்பி போனில்.

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. குடித்துக் குடித்துக் காட்டைக் காப்பாற்றுகிறார்களாம்! நல்ல காரியத்துக்கு வேறு வழியே கிடைக்கவில்லை போலிருக்கிறது. ஆனாலும் அந்த இலைகள் அழகு. கொண்டு வா என்றுதான் சொன்னேன்.

அவனை அழைத்துவர அம்மாவும் சென்னை விமான நிலையத்துக்குக் காரில் போயிருந்தாள். திரும்பும்போது புதுச்சேரியில் சாப்பிட்டுவிட்டுக் கடலூருக்குள் நுழைகிற இடத்தில் சோதனைச் சாவடி. புதுச்சேரியிலிருந்து வரும் கார் என்றால் டிக்கியைத் திறக்கத்தான் வேண்டும். வேட்டியில் சுற்றி வைத்திருந்த பாட்டிலைக் காவலர் வெளியே எடுத்து, “என்னா சார் இது?” என்று தம்பியைக் கேட்டார். பின் சீட்டிலிருந்து அம்மாதான் தலையை நீட்டியிருக்கிறாள்.

“மருந்து தம்பி. மூட்டுவலிக்கு. புள்ள வெளிநாட்டுலேர்ந்து வாங்கியாந்தான்.”

அவர் இலைகளைப் பார்த்தாராம், அம்மாவின் நரைத்த தலையைப் பார்த்தாராம், பாட்டிலைத் திரும்பச் சுற்றி வைத்துவிட்டு, “பாத்து போங்கம்மா” என்றாராம்.

இதைத் தம்பி போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். “பாவம்க்கா, எலப் படத்தப் பாத்துட்டு நெசமாவே மருந்துன்னு நெனச்சிடுச்சு. நானும் ஆமான்னுட்டேன். ஃப்ரிட்ஜுல வெச்சிருக்குது. நீ வந்து நைசா எடுத்துட்டுப் போயிடு.” அவன் லீவு முடிந்து போய்விட்டான். எனக்கு விடைத்தாள் திருத்தும் வேலை. இந்தச் சனிக்கிழமை, அடுத்த சனிக்கிழமை என்று ஒரு மாதத்துக்கு மேல் தள்ளிப்போய்விட்டது. கடைசியில் ஒருநாள் பஸ் பிடித்து, புதுச்சத்திரம் வரை நின்றுகொண்டே வந்து, வீட்டுக்குள் நுழைந்து, தண்ணீர் குடிக்க ஃப்ரிட்ஜைத் திறந்தபோதுதான் அந்த அளவு மூடியைப் பார்த்தேன்.

அம்மா கொல்லைப்புறத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தம்பிக்குப் போன் செய்தேன்.

“டேய், அம்மா அத குடிச்சிக்கிட்டு இருக்குதுடா.”

“எத?”

“ஒன் மருந்தத்தான்! பாதிக்கு மேல காலி.”

 “சொல்லிடாதக்கா. தெரிஞ்சா அது தாங்காது” என்றான். 

அவன் சொன்னது சரிதான். இத்தனை வருடம் எதை வீட்டுக்குள் விடாமல் காவல் இருந்தாளோ, அதையே, பெற்ற பிள்ளை மருந்து என்று கொடுத்துக் குடிக்க வைத்துவிட்டான் என்று தெரிந்தால் என்ன ஆவாள்? சாப்பாட்டையே நிறுத்திவிடுவாள். அவனோடு பேசுவதை நிறுத்திவிடுவாள். அந்தக் கடை முன்னால் உட்கார்ந்த பெண்களின் முகத்தில் எப்படி விழிப்பாள்?  இருப்பதைக் கொட்டிவிட்டு, காலாவதி ஆகிவிட்டது என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். தம்பியும் அதுதான் சரி என்றான்.

சமையலறைக்கு வந்து பாட்டிலைத் திறந்தேன். திருகு மூடிதான். குப்பென்று அடித்தது. அந்த வாடைக்கு எனக்கு அப்பாவின் சட்டை ஞாபகம் வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு தொட்டியில் ஊற்ற ஆரம்பித்தேன்.

“அத ஏன் ஊத்துற?”

அம்மா பின்னால் நின்றுகொண்டிருந்தாள், தோளில் ஈரத் துண்டோடு.

“டேட் முடிஞ்சிடுச்சும்மா. பழைய மருந்த சாப்புடக் கூடாது.”

“எது மருந்து?” என்றாள் அம்மா.

 பாட்டிலைத் தொட்டிமேல் வைத்தேன்.

“ஒங்கப்பா பீரோவுக்குப் பின்னால ஒளிச்சு வெச்சத எத்தன வருஷம் பொறுக்கிப் போட்டிருப்பேன். எனக்கு பாட்டிலு தெரியாதா?”

“அப்ப போலீஸ்கிட்ட மருந்துன்னு சொன்னியே?”

“புள்ளய மாட்டி வுடச் சொல்றியா? ஒங்கப்பாவுக்குச் சொன்னதுதான் இவனுக்கும். வாயில தானா வந்துடுச்சு.”

 ஆமாம், எங்கள் வீட்டில் அந்த வாக்கியம் இருந்தது. ‘அப்பா மருந்து சாப்ட்டுத் தூங்குறாரு.’ யார் வந்து கதவைத் தட்டினாலும் அதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கும் சொல்லிக் கொடுத்திருந்தாள். பள்ளிக்கூடம் போகிற வயதில் நான் அதை நிஜமென்றே நம்பி, அப்பாவுக்கு என்ன நோயோ என்று பயந்திருக்கிறேன்.

“அது கெடக்கட்டும். அதுல பின்னால என்னமோ எழுதியிருக்குதே, என்னா அது? படி” என்றாள்.

படித்துத் தமிழில் சொன்னேன். மழைக்காடு, மூலிகை, விற்கிற காசில் ஒரு பங்கு.  என்னையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“குடிச்சா காடு வளருமாமா?”

“குடிச்சு இல்லம்மா, அந்தக் காசுல...”

“ஒங்கப்பாவும் காசு குடுத்துதான் குடிச்சாரு. அந்தக் காசுல எங்க எந்தச் செடி மொளச்சுது? இருந்த தோப்புதான் போச்சு. எவன்டி இத எழுதினவன்?”

 எனக்கு வேறு கோபம் வந்தது. நாங்கள் இருவரும் இவளுக்காகப் பதறிக்கொண்டிருக்க, இவள் எல்லாம் தெரிந்தே செய்திருக்கிறாள்.

“அப்ப தெரிஞ்சே ஏம்மா குடிச்ச? நீ? நீ குடிக்கலாமா?” கத்தியே விட்டேன்.

அம்மா பதறவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அளவு மூடியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“அந்தத் தோப்ப வுட, ஒன்ன வுட, தம்பிய வுட, என்ன வுட ஒசத்தியா அதுல என்னதான் இருக்குதுன்னு பாக்கணும்னு இருந்துச்சுடி. எத்தினியோ வருஷமா இருந்துச்சு. கடையில போயி நின்னு வாங்க முடியுமா நானு? இது தானா வூட்டுக்கு வந்துச்சு. சோறு துன்னதும் ஒரு மூடி. மொத நாளு ஒண்ணும் தெரியல. ஒரு நாளுல தெரியாதாட்டம் இருக்குதுன்னு தெனமும் குடிச்சுப் பாத்தேன்.”

“என்னம்மா இருந்துச்சு?”

“ஒண்ணுமே இல்லடி.”

மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்பாவைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட அவள் அழுது நான் பார்த்ததில்லை. இப்போது அவள் முகம் கோணிக்கொண்டு வந்தது.

“வெறும் புளிப்புத் தண்ணி. இதுக்காடி? இதுக்கா?”