எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றிய ஃபோர்க்லிஃப்ட்டும் ராயபுரம் லேபுக்கு ஒரு பயணமும்

நான் வாயை மூடிக்கொண்டிருந்த காலம் போதும். எண்ணூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கிறேன். விபத்து நடந்தால், வண்டியை இயக்கியவரை இரண்டு மணி நேரத்துக்குள் போதைப்பொருள் பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டும் என்பது எங்கள் விதி. அதை எழுதியவன் நான். ‘டாக்டர் சீட்டு இருந்தால் அந்த மருந்தைக் கணக்கில் எடுக்க வேண்டும்’ என்ற வரியை அடித்துவிட்டு, தன் கையெழுத்தைப் போட்டு வெளியிட்டவர் எங்கள் மேனேஜர். போன வருஷம் இருமல் மருந்து குடித்த மாரி என்ற டிரைவருக்கு அந்த வரி இல்லாததால் வேலை போனது. நான் எதுவும் பேசவில்லை. மேனேஜரை மன்னிக்கவும் இல்லை.

ஆயுத பூஜை விடுமுறைக்கு முதல் நாள் யார்டில் பூஜை. ஆபரேட்டர் பாஷா விடிகாலையிலேயே வந்து ஃபோர்க்லிஃப்ட்டைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழம் வைத்திருந்தார். பழத்தின் மேல் முதலில் ஏற்றுகிற பாக்கியம் தனக்குத்தான் என்று மேனேஜர் ஏறி உட்கார்ந்தார். போட்டோ எடுக்கச் சொல்லி எங்களைப் பார்த்துச் சிரித்தபடி அழுத்தினார். வண்டி ரிவர்ஸில் இருந்தது. பின்னால் இருந்த எடைமேடை அறையின் சுவர் உள்ளே விழுந்தது. அறையில் இருக்க வேண்டிய ஆள் பொரி வாங்க வரிசையில் நின்றதால் பிழைத்தார். அப்போது மணி 10.20.

இன்சூரன்சுக்குப் பரிசோதனை ரிப்போர்ட் கட்டாயம். மேனேஜர் என்னைத் தனியே அழைத்து, “பாஷா ஓட்டினதா எழுதிடுங்க. நானும் கூடவே வரேன்” என்றார். அது காதில் விழுந்த பாஷா, கை கழுவும் இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். “சார், நாலு நாளா இருமல் மருந்து குட்ச்சிகினு கீறேன். சீட்டு பாக்கெட்லதான் கீது. ஆனா மாரி கதைதான் எனக்கும்.”

மேனேஜரின் கார் பூஜைக்கு நிறுத்திய லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. எனவே ஆட்டோ. பதினாலு கிலோமீட்டர், 420 ரூபாய். 10.45க்குக் கிளம்பினோம். விரைவுச்சாலையில் திருவொற்றியூர் வரை கன்டெய்னர் லாரிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. எல்லாவற்றிலும் சந்தனமும் மாலையும். இவ்வளவு அழகான டிராஃபிக் ஜாமை நான் பார்த்ததில்லை.

டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். “இன்னா சார், எங்க கெளம்பிட்டீங்க?”

“ஒண்ணுக்கு டெஸ்ட்டு, நைனா” என்றார் பாஷா. “வண்டி செவுத்துல பூந்துச்சு.”

“யாரு ஓட்னது?”

“இவர்தான்” என்று மேனேஜர் பாஷாவைக் காட்டினார். பாஷா கடல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

“எலுமிச்சம்பழம் ஏத்தச்சொல்லோவா? ரிவர்ஸ்லயா?” டிரைவர் பாஷாவை மேலும் கீழும் பார்த்தார். “மொகத்த பாத்தா வண்டி ஓட்டத் தெர்ஞ்ச ஆளு மாறி கீறியே மாமு.”

எனக்கு வந்த சிரிப்பைக் காசிமேடு மீன் வாசனை வரும்வரை அடக்கினேன்.

11.50க்கு லேப். இயக்கியவர் பெயர் என்ற இடத்தில் மேனேஜரின் பெயரைப் பதவியோடு சேர்த்து எழுதினேன். என் கையெழுத்து அவ்வளவு அழகாக எப்போதும் வந்ததில்லை.

“என்ன எழுதறீங்க?”

“நடந்ததை, சார்.”

“நான் டெஸ்ட் எடுக்க மாட்டேன்.”

“மறுத்தால் தேறவில்லை என்று அர்த்தம். அந்த வரி நீங்க சேர்த்தது.”

லேப் பெண்மணி கப்பை நீட்டினார். மேனேஜருக்கு வரவில்லை. மூன்று பாட்டில் தண்ணீர், ஒரு பன்னீர் சோடா, வராந்தாவில் பதினெட்டு நடை. பாஷா சிரித்துச் சிரித்து இருமினார். 12.15க்கு, கெடு முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது, வந்தது. பரிசோதனைப் பட்டையில் ஒரு கோடு வர வேண்டிய இடத்தில் வரவில்லை. வராவிட்டால் உடம்பில் மருந்து இருக்கிறது என்று அர்த்தம்.

“தூக்க மாத்திரை போடுவீங்களா சார்?” என்று கேட்டார் பெண்மணி.

“டாக்டர் எழுதிக் கொடுத்தது. சீட்டு வீட்ல இருக்கு. அதைக் கணக்குல எடுப்பீங்கல்ல?”

“உங்க கம்பெனி எங்களுக்கு அனுப்பின விதியில அது இல்லையே சார்.”

விடுமுறை முடிந்து யார்டு திறந்த அன்று காலை ஒன்பதரைக்கு நான் எழுதிய வரி விதியில் திரும்ப வந்திருந்தது. விதி வெளியான நாளிலிருந்தே செல்லும் என்றும் மேனேஜர் சேர்த்திருந்தார். அப்படியானால் மாரிக்கும் செல்லும். மாரியின் நம்பருக்கு முதலில் போன் போட்டது பாஷாதான்.  மாரி, “யூனிபார்ம் புதுசு தருவாங்களா?” என்று கேட்டார்.

உங்களையும் இப்படி அனுப்பினால், டாக்டர் சீட்டை போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். திரும்பும்போது ராயபுரம் ஸ்டேஷனில் எண்ணூர் ரயிலுக்குக் காத்துக் கிடக்க வேண்டாம். கொருக்குப்பேட்டைக்குப் போனால் அடிக்கடி வண்டி உண்டு. நாங்கள் மூவரும் அப்படித்தான் வந்தோம். மேனேஜர் நின்றுகொண்டே வந்தார்.

இதை எழுதியது யார் என்று கண்டுபிடிக்க எங்கள் அலுவலகத்தில் இரண்டு நிமிஷம் ஆகாது. ஆனாலும் பெயர் போடப் போவதில்லை. அந்த விதியும் என் பெயர் இல்லாமல்தான் வெளியே போனது. அன்றைக்கு என் பெயரை மேனேஜர் எடுத்தார். இன்றைக்கு நானே எடுத்துவிட்டுப் பதிவிடுகிறேன்.