பார்த்தாச்சு

அலுவலகத்தில் அவருக்குப் பச்சைக்காரர் என்று பெயர். பல ஊர்களில் மருத்துவப் பரிசோதனைக் கூடங்கள் நடத்தும் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில், ஏசி அறையில் சுழல் நாற்காலியில் சாய்ந்தபடி, ஒவ்வொரு கிளையின் யுபிஎஸ்ஸும் சௌக்கியமா என்று கம்ப்யூட்டரில் பார்ப்பதுதான் உத்தியோகம். கரண்ட் போனால் இயந்திரங்களைத் தாங்குவது யுபிஎஸ் பேட்டரி. அது நன்றாக இருந்தால் திரையில் பச்சை, கோளாறு என்றால் சிவப்பு. ஒரு யுபிஎஸ்ஸைக்கூட அவர் கையால் தொட்டதில்லை. தொடுகிறவர்களை "ஸ்க்ரூடிரைவர் கூட்டம்" என்பார், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு.

சிவப்பு வந்தால் கூடவே கீச்சென்று சத்தமும் வரும். சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் மனிதருக்கு அது பெரிய இம்சை. நல்லவேளையாக மென்பொருள் எழுதியவன் 'பார்த்தாச்சு' என்று ஒரு பொத்தான் வைத்திருந்தான். அழுத்தினால் சத்தம் நிற்கும், சிவப்பு பச்சையாகும். பார்த்தவர் உடனே ஆளனுப்பிச் சரிசெய்வார் என்று நம்பியிருக்கிறான், பாவம். நம்மவர் அழுத்தியதோடு சரி. திரை எந்நேரமும் பச்சைப்பசேல் என்றிருக்க, மேலதிகாரிகள் பூரித்துப்போய் சிறந்த கண்காணிப்பாளர் என்று கேடயமே கொடுத்தார்கள். தட்டிக் கேட்க ஆளில்லாவிட்டால் தம்பி சண்டப்பிரசண்டன்தானே.

வீட்டிலும் இதே லட்சணம். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று மனைவி சொன்னால் "பார்த்தாச்சு" என்பார். குழாய் அடியில் வாளி நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. ஆனால் கேடயத்தைத் தினமும் துடைப்பார்.

அந்த மனைவி அதே கம்பெனியின் கிளையொன்றில் லேப் டெக்னீஷியன். ஒரு நாள் காலை அவள் அவருக்குப் போன் செய்தாள்.

"என்னங்க, இங்க யுபிஎஸ் கத்திக்கிட்டே இருக்கு. ஒரு சின்னப் பொண்ணோட எலும்பு மஜ்ஜை வந்திருக்கு, கொஞ்சம்தான் எடுக்க முடிஞ்சுதாம். மிஷின் நடுவுல நின்னா எல்லாம் போச்சு. போடலாமா?"

அவர் திரையைப் பார்த்தார். பச்சை. சற்றுமுன் டீ உறிஞ்சிக்கொண்டே அந்தக் கிளையின் சிவப்பை அழுத்தி அணைத்தது தாமே என்பது அவர் நினைவிலேயே இல்லை.

"அது சும்மா கத்தும். இங்க பச்சையா இருக்கு. தைரியமா போடு."

குழாய் விஷயத்தில் அவரை நம்பாதவள், கேடயத்தை நம்பிப் போட்டாள். மதியம் கரண்ட் போனது. தொண்டையைக் கனைக்கும் நேரம்கூட பேட்டரி தாங்கவில்லை. பரிசோதனை பாதியில் நின்றது, மஜ்ஜை வீணானது. அந்தக் குழந்தை மறுபடி ஊசிக்குக் கீழே படுக்க வேண்டும்.

தகவல் கேட்டதும் காலையில் அழுத்திய பொத்தான் நினைவுக்கு வர, பச்சைக்காரர் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஆயத்தமானார். பேட்டரி விற்றவன் மோசம், மின்வாரியம் மோசம், கேபிளை எலி கடித்திருக்கும். மனைவி எதையும் காதில் வாங்கவில்லை. நேரில் வரச் சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

வந்தவரை யுபிஎஸ் பக்கம்கூட அவள் அழைத்துப் போகவில்லை. நேரே காத்திருப்போர் அறைக்குக் கூட்டிப்போனாள். அங்கே அம்மாவின் மடியில் இடுப்பில் கட்டோடு அந்தச் சிறுமி சாய்ந்திருந்தாள்.

"பாதியில நின்னுடுச்சுன்னு மட்டும் சொல்லியிருக்கேன்," என்றாள் மனைவி, குரலைத் தாழ்த்தி. "மிச்சத்த நீங்க சொல்லுங்க."

அவர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்து, பெரிய ஆள் என்று நினைத்தோ என்னவோ, அம்மா எழுந்திருக்கப் பார்த்தாள். குழந்தைதான் முந்திக்கொண்டது.

"மாமா, இன்னொரு ஊசி இல்லைல்ல?"

எலி ஞாபகம் வந்தது, பேட்டரிக்காரன் ஞாபகம் வந்தான். இருவரும் உதவிக்கு வரவில்லை. அவருக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

"இருக்கும்மா," என்றார். "என்னாலதான்."

குழந்தை அழ ஆரம்பித்தது. அதை நிறுத்த அங்கே பொத்தான் எதுவும் இல்லை.