நூற்று எண்பத்தேழாம் சாக்கெட்

பேயாவது பிசாசாவது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். அமாவாசையன்று முருங்கை மரத்தடியில் பாய் போட்டுத் தூங்கியிருக்கிறேன். அதனால் இதைச் சொல்லும்போது நீங்கள் சிரித்தால் கோபித்துக்கொள்ள மாட்டேன், உங்கள் இடத்தில் இருந்தால் நானே சிரிப்பேன்.

எண்பதுகளின் பின்பாதி. ஹைதராபாத் பக்கம் ராமச்சந்திராபுரத்துப் பெரிய ஃபேக்டரியின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்கு வேலை. மல்காஜ்கிரியிலிருந்து கம்பெனி பஸ். காலை எட்டு மணிக்கு டெஸ்ட் மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொரு லைனாகப் பார்க்க வேண்டும். மீட்டர் முள் எங்கே நிற்கிறது, மழையில் எந்த லைன் சோர்ந்தது, எல்லாம் ரிஜிஸ்டரில் ஏறும். ரோட்டோரத்து இரும்புப் பெட்டியைத் திறந்து மறுமுனையில் நிற்பவர் லைன்மேன் யாதகிரி, செய்த ரிப்பேரைச் சாயங்காலம் அதே ரிஜிஸ்டரில் தன் கையால் எழுதுவார். தன் பக்கம் முடிந்ததும் ஸ்க்ரூடிரைவரால் பெட்டியில் இரண்டு தட்டு தட்டுவார், டொக் டொக். அடுத்த லைனுக்குப் போ என்று அர்த்தம். வேறு எந்த லைன்மேனுக்கும் அந்தப் பழக்கம் கிடையாது. "வயரு பொய் சொல்லாது தம்பி, வயரப் பத்தி எழுதறவன்தான் சொல்லுவான்" என்பார். நான் சொல்லும் வருஷம் சங்கராந்திக்கு முந்தின வாரம் நெஞ்சுவலியில் போய்விட்டார்.

அதே வருஷம் ஜூன் மாதம் புதுப் பேனல் வந்தது. லைன்களைத் தானே இரவும் பகலும் பார்த்துக்கொள்ளும், எதிலாவது அசைவு தெரிந்தால் மணியையும் நம்பரையும் காகிதப் பட்டையில் அச்சடிக்கும். நல்ல சாமான்தான். ஆனால் பழைய நம்பர் அதற்குத் தெரியாது, எந்த சாக்கெட்டில் செருகுகிறோமோ அதுதான் லைனின் புதுப் பேர். எங்கள் ஆபீசர் மூர்த்தி சார், சனிக்கிழமை ஐந்து மணியோடு பழைய மேஜையைக் கழற்றிவிட வேண்டும், ரிஜிஸ்டரெல்லாம் கழிவுக் குடோனுக்கு என்று சொல்லிவிட்டார். பத்து வருஷத்து முள் கணக்கு!

"சார், எந்த லைன் மழைக்குச் சாகும்னு அதுலதான் இருக்கு" என்றேன்.

"புது மருமக வந்தாச்சு, மாமியார் நோட்டு எதுக்குய்யா?"

"மருமகளுக்கு அடுப்பு எங்க இருக்குன்னு யாராவது சொல்லணுமே சார்."

சிரித்துவிட்டார். "சனிக்கிழமைக்குள்ள பழைய நம்பருக்கு நேரா புது நம்பர் எழுதிக் குடு. ஒண்ணு விடாம இருந்தா நோட்டை வெச்சுக்க. ஒண்ணு குறைஞ்சாலும் குடோன்."

நானும் செல்வராஜும் உட்கார்ந்தோம். செல்வராஜ் சிகந்திராபாத் ரயில்வே காலனிப் பையன், பாதித் தமிழ், பாதி வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' போடும் ஹைதராபாத் உருது. புதன்கிழமையிலிருந்து லைனைத் தேடி, சாக்கெட்டில் செருகி, அட்டவணையில் எழுதி, சனிக்கிழமை மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது. ஒன்றைத் தவிர.

அந்த ஒன்று பெரிய டாக்டரம்மா குவார்ட்டர்ஸ் லைன். டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் பிரசவம் சிக்கலானால் நர்ஸ் கூப்பிடுவது அந்த லைனில்தான். ரோடு அகலப்படுத்தியபோது அதை யாதகிரி மாற்றி இழுத்தது மட்டும் தெரியும், எப்படி இழுத்தார் என்று அவர் எழுதவில்லை. ஒன்பதாம் பெட்டியிலிருந்து பேரில்லாமல் நாலு ஜோடிக் கம்பி வந்தது, அதில் ஒன்று அதுதான். மணியடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று கடைசிக்கு வைத்திருந்தோம். ஆனால் அன்று காலைதான் முதல் மழை, நாலும் செத்துக் கிடந்தன. பிரசவ வார்டில் அன்று படுத்திருந்தது யார் தெரியுமா? யாதகிரியின் மகள் லட்சுமி. முதல் பிரசவம், குழந்தை திரும்பிக் கிடக்கிறது என்று சொல்லியிருந்தார்கள்.

"வலி வந்தா டாக்டரம்மா வீட்டுக்கு சைக்கிள்ல ஆள் அனுப்பலாம் அண்ணா" என்றான் செல்வராஜ்.

"மழையில நாலு கிலோமீட்டர். வலி காத்திருக்குமாடா?"

"அப்ப மொதல்ல டீ" என்று அவன் கேன்டீனுக்குப் போனான். மணி இரண்டு இருக்கும். நான் ஹெட்போனை மாட்டி மூன்றாவது ஜோடியைத் தொட்டேன்.

டொக் டொக்.

செல்வராஜ் பெட்டிக்குப் போய்விட்டான் போல என்று நினைத்து, "டேய், மூணாவதா?" என்றேன். மறுபடியும் டொக் டொக், அவசரமே இல்லாமல். "யாரோட பேசுற அண்ணா?" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. திரும்பினால் செல்வராஜ், கையில் இரண்டு டீ கிளாஸ். ஒன்பதாம் பெட்டிச் சாவி என் சட்டைப் பையில்.

நம்பினால் நம்புங்கள், எனக்குப் பயமே வரவில்லை. சைக்கிளை எடுத்துத் தூறலில் ஓடினேன். பெட்டி பூட்டியபடி இருந்தது. திறந்து மூன்றாவது ஜோடியைப் பிடித்து இழுத்தால், உள்ளே ஆழத்தில் ஓர் ஒட்டு, அதன் மேல் நீலக் கட்டம் போட்ட லுங்கித் துணி. யாதகிரியின் லுங்கி. டேப் தீர்ந்துபோன ஏதோ ஒரு நாளில் கிழித்துச் சுற்றியிருக்கிறார், அது தண்ணீரைக் குடித்து ஊறிப்போயிருந்தது. துடைத்து, புதிதாக ஒட்டுப் போட்டு, கையிலிருந்த போனை மாட்டி மணியடித்தேன்.

"எவரண்டி?" யாருங்க என்று தெலுங்கில் டாக்டரம்மா குரல்!

எக்ஸ்சேஞ்சுக்குத் திரும்பியபோது மணி நாலு. பேனலில் மிச்சமிருந்தது ஒரே சாக்கெட், நூற்று எண்பத்தேழு. அதில் செருகி அட்டவணையின் அடியில் கடைசி வரியாக எழுதினேன். அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு நர்ஸ் அந்த லைனில் கூப்பிட்டாள், எட்டு மணிக்கு லட்சுமிக்குப் பெண் குழந்தை. இரண்டு உயிரும் நலம்.

திங்கட்கிழமை மூர்த்தி சார் காகிதப் பட்டையோடு வந்தார். "சனிக்கிழமை 187-ல என்ன செருகின?"

"டாக்டரம்மா லைன் சார், நாலு மணிக்கு."

பட்டையைக் காட்டினார். மணி 2.10, நம்பர் 187, இரண்டு துடிப்பு. 2.11, நம்பர் 187, இரண்டு துடிப்பு. அப்போது அந்த சாக்கெட்டில் ஒன்றுமே கிடையாது.

"புது மிஷின், உளறும்" என்றார். ஆனால் பட்டையைக் கிழித்து மடித்து என் பையில் அவரே வைத்தார். ரிஜிஸ்டர்களுக்கு அன்றே அலமாரியும் சாவியும் வந்தன. பிறகொரு நாள் லட்சுமி தன் மகளைத் தூக்கிக்கொண்டு வந்து அந்த அலமாரியைக் காட்டிவிட்டுப் போனாள், "தாத்தா கையெழுத்து" என்று.

பட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. மிஷின் உளறியது என்றே வைத்துக்கொள்வோம், போகட்டும். ஆனால் அட்டவணையைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறேன். புதன்கிழமையிலிருந்து வரிசை பிசகாமல் செருகிக்கொண்டு போனவன் நான். வியாழக்கிழமை 186-க்கு அடுத்து 188 என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. நடுவில் ஒரு வரி வெறுமையாக விட்டிருக்கிறேன். ஏன் விட்டேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.