அம்மாவுக்காக அணைத்த பல்புகள்

பத்தாம் வகுப்புக்கு மின் உற்பத்திப் பாடம் எடுக்கும்போது எப்போதும் ஒரே வாக்கியத்தில்தான் தொடங்குவேன். "எதையாவது சுத்தணும் பிள்ளைகளா, அவ்வளவுதான்." காந்தத்துக்கு நடுவில் செப்புக் கம்பிச் சுருள் சுழன்றால், அல்லது சுருளுக்கு நடுவில் காந்தம் சுழன்றால், மின்சாரம் பிறந்துவிடும். யார் சுற்றுவது என்பதில்தான் மின்நிலையங்களுக்குள் வித்தியாசம். மலையிலிருந்து விழும் தண்ணீர் சுற்றினால் அது நீர்மின் நிலையம். மேற்குக் கரையில் நிலக்கரியை எரித்துத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அந்த ஆவியால் சுற்றுகிறார்கள். மன்னார்ப் பக்கம் காற்று சுற்றுகிறது. அணுமின் நிலையம் நம் நாட்டில் இல்லை. இருந்தாலும் அதுவும் கடைசியில் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற வேலைதான். இவ்வளவு படித்த உலகம் கேத்தலை அடுப்பில் வைப்பதைத் தாண்டிப் போகவில்லை என்று சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். எதையும் சுற்றாமல் கூரையில் மல்லாந்து படுத்தபடி சம்பாதிப்பது சூரியத் தகடு மட்டும்தான்.

அதற்கு அடுத்த பக்கம் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். உண்டாகிற மின்சாரமும் செலவாகிற மின்சாரமும் அந்தந்த நொடியில் சரிக்குச் சரியாக இருக்க வேண்டும். செலவு கூடினால் சக்கரம் திணறும், பல்பு மங்கும். செலவு சட்டென்று குறைந்தால் சுமை இறங்கிய சக்கரம் தலைதெறிக்க ஓடும், மின்னழுத்தம் எகிறும். இதைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். நானும் அப்படி வாங்கியவள்தான். அந்தப் பக்கத்தை இப்போது நான் வேகமாக வாசித்துக் கடந்துவிடுகிறேன்.

பண்டாரவளையிலிருந்து பூனாகலைப் பக்கம் போகிற பாதையில் இறங்கி, தேயிலைக்குள் கீழே நடந்தால் எங்கள் தோட்டத்து டிவிசன். மலைச்சரிவில் ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு லயங்கள், சுவரோடு சுவர் ஒட்டிய தொழிலாளர் வீட்டு வரிசைகள். எங்கள் ஒற்றை அறைக் காம்பரா இரண்டாவது லயத்தில் இருக்கிறது. நானும் அம்மாவும் மட்டும்தான். அம்மா தேயிலை ஃபெக்டரியில் தூள் சலிக்கும் அறையில் வேலை செய்தவள். வாயில் சீலைத் துணியைக் கட்டிக்கொண்டு இளமை முழுக்கத் தேயிலைத் தூசைச் சுவாசித்தாள். பென்ஷன் வயதில் அவளுடைய நெஞ்சு கைவிட்டது. கொழும்பில் வேலை செய்யும் தம்பி ஒக்சிஜன் மெஷின் ஒன்றை வாங்கி அனுப்பினான். சுற்றியிருக்கிற காற்றை இழுத்து, அதிலிருந்து ஒக்சிஜனைப் பிரித்து மூக்குக் குழாய்க்கு அனுப்பும் பெட்டி அது. கரண்ட் இல்லாவிட்டால் வெறும் பெட்டி.

"ஒங்கப்பன் மாதிரியே கொறட்ட விடுதுடி இது," என்பாள் அம்மா. "அவரு செத்தும் என்னைத் தூங்க விடல."

லயத்தில் சுவர்கள் பேருக்குத்தான். அந்த மெஷினின் குறட்டை முழு லயத்துக்கும் கேட்கும். கரண்ட் குறைந்தால் அது கீச்கீச்சென்று கத்தும், அதுவும் எல்லாருக்கும் கேட்கும். அப்போதெல்லாம், அம்மாவை அக்கா என்று கூப்பிடும் பக்கத்துக் காம்பரா அண்ணன் சுவரைத் தட்டி, "டீச்சர், அக்காவுக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்பார். ஒருநாளும் தவறியதில்லை.

எங்கள் டிவிசனில் ஒரு வழக்கம் உண்டு. நான்கு லயத்துக்கும் மேலேயிருந்து ஒரே பைப்பில்தான் தண்ணீர் வரும். ஒரு வீட்டில் சாவோ சடங்கோ வந்தால், மற்ற வீட்டுக்காரர்கள் சொல்லாமலேயே பைப்பை மூடிவிடுவார்கள். எல்லாரும் மூடினால்தான் அந்த வீட்டுப் பைப்பில் தண்ணீர் பாய்ந்து வரும். யாரும் கூட்டம் போட்டு முடிவெடுத்ததில்லை, யாரும் மீறியதும் இல்லை. என் பூப்புச் சடங்குக்கு மூன்று லயமும் மலைத்தண்ணீர் விழும் பீலிக்குப் போய்க் குளித்தது என்று அம்மா பெருமையாகச் சொல்வாள்.

பெருமழை வந்த வருடம், மேலே இருந்த தேயிலை மலையில் ஒரு துண்டு அப்படியே சரிந்து பாதைமேல் விழுந்தது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கரண்ட் கம்பங்களைச் சேறு வாரிக்கொண்டு போய்விட்டது. பாதை எப்போது திறக்கும், கம்பி எப்போது வரும் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. எங்களுக்கு முன்னால் எத்தனையோ ஊர்கள் வரிசையில் நின்றன. சரிவு இன்னும் நகர்கிறது, அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். அம்மாவிடம் ஒரு சின்ன ஒக்சிஜன் சிலிண்டர் இருந்தது. அதன் முள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கோபம் கோபமாக வந்தது. இந்த நாட்டுக்குக் கரண்ட் கொடுக்கிற தண்ணீரில் பாதி எங்கள் மலைகளிலிருந்துதான் இறங்குகிறது. ஒரு பெட்டியை ஓட்ட எங்களுக்கு வழியில்லை.

அப்போதுதான் எல்லாருக்கும் பழைய டர்பைன் ஞாபகம் வந்தது. அரசாங்கக் கம்பி வருவதற்கு முன்னால், கீழே ஓடைக்கரையில் ஒரு தகரக் கொட்டகைக்குள் சின்ன நீர்மின் நிலையம் ஒன்றை டிவிசன் ஆட்களே கட்டி ஓட்டினார்கள். மேலே தொட்டி, அங்கிருந்து நீளமாக இறங்கும் பைப், அடியில் சக்கரம், சக்கரத்தோடு ஜெனரேட்டர். கம்பி வந்ததும் அதைக் கைவிட்டுவிட்டோம். பக்கத்துக் காம்பரா அண்ணனும் நாலைந்து ஆம்பளைகளும் தொட்டியில் நிறைந்திருந்த மண்ணை வாரினார்கள், பைப்பில் அடைத்த இலையை உருவினார்கள். சக்கரம் சுற்றியது. கம்பி கட்டி இழுத்து லயங்களுக்குக் கொடுத்தோம். முதல் பல்பு மஞ்சளாக எரிந்தபோது அம்மா கை கூப்பினாள்.

ஒரு குறை மட்டும் இருந்தது. அந்தக் காலத்தில் ஜெனரேட்டர் பக்கத்தில் ஒரு பெட்டி இருந்தது. வீடுகளில் கரண்ட் செலவு குறைந்தால், மிஞ்சியதை அது ஒரு தண்ணீர்ப் பீப்பாயில் இருக்கும் ஹீட்டருக்குத் திருப்பிவிடும். அதனால் சக்கரத்தின் சுமை ஒரே மாதிரி இருக்கும். அந்தப் பெட்டியின் வயிற்றை எலி தின்று முடித்திருந்தது. டவுனிலிருந்து ஆள் வரப் பாதையில்லை. எனவே கையால்தான் சமாளிக்க வேண்டும். ஒருவர் வால்வு பக்கத்தில் உட்கார்ந்து மீட்டரைப் பார்க்க வேண்டும். வீடுகளில் பல்புகள் சாயங்காலத்திலிருந்து விடியும்வரை எரிந்துகொண்டே இருக்க வேண்டும். விடிந்ததும் வால்வைக் குறைத்து, மெஷினுக்கு மட்டும் ஓட்டலாம்.

காலையில் வேலை பிரித்துக் கொடுக்க ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் நின்று எல்லாருக்கும் சொன்னேன். "யாரும் சுவிட்சைத் தொடாதீங்க. தூங்கினாலும் பல்பு எரியட்டும். ஒரு பல்பைப் போட்டா அப்படியே விடுங்க."

"கரண்ட வீணாக்கச் சொல்ற டீச்சரை இப்பத்தான் பாக்குறோம்," என்று ஒரு அக்கா கிண்டல் செய்தாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் என்றும் விளக்கினேன். தலையாட்டினார்கள். பிள்ளைகள் தலையாட்டுவதைப் பார்த்துப் பழகியவள் நான், அந்தத் தலையாட்டல் எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆனாலும் சொன்னபடி நடந்தார்கள். அந்த ஒரு சாயங்காலம்வரை.

அன்று மழை பிடித்துக்கொண்டது. ஓடையில் இலையும் சகதியும் வந்து தொட்டி வாயை அடைத்தது. பல்புகள் செம்பு நிறத்துக்கு மங்கின. அம்மாவின் மெஷின் கீச்கீச்சென்று கத்தத் தொடங்கியது. தொட்டியைச் சுத்தம் செய்ய அண்ணனின் மகன்கள் மேலே ஓடினார்கள். வால்வைப் பார்க்க நான் கீழே கொட்டகைக்கு இறங்கினேன். அம்மாவோடு பக்கத்துக் காம்பரா மதினி இருந்தாள். மேலே அடைப்பை எடுத்துவிட்டார்கள் போல, தண்ணீர் பழையபடி வேகமாக வந்தது. மீட்டர் முள் சரியான இடத்துக்கு ஏறி நின்றது. அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டேன்.

சக்கரத்தின் சத்தம் மாறியது. முதலில் என் காதுதான் தவறு என்று நினைத்தேன். இரைச்சல் ஏறிக்கொண்டே போய்க் கூவலாயிற்று. கொட்டகைக்குள் எரிந்த பல்பு வெள்ளையாகப் பளீரிட்டது. வெளியே எட்டிப் பார்த்தேன். மலைச்சரிவில் நாலாவது லயம் இருட்டாக இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது லயத்தில் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. பிறகு முதலாவது லயம். பிறகு எங்கள் லயத்தில் ஒவ்வொரு காம்பராவாக. ஏதோ கம்பி அறுந்துவிட்டது என்றுதான் முதலில் எண்ணினேன். பிறகுதான் புரிந்தது, அறுந்தால் இப்படி வீடு வீடாக அணையாது. அணைக்கிறார்கள்.

மெஷின் கத்துவதைக் கேட்டிருக்கிறார்கள். அக்காவுக்குக் கரண்ட் பத்தவில்லை, நாம் எல்லாரும் நிறுத்தினால் அவள் வீட்டுக்குப் பாயும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பைப்பை மூடுவது போல மூடினார்கள்.

வால்வில் பாய்ந்தேன். அதை ஒரே மூச்சில் மூட முடியாது. அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீரைச் சட்டென்று மறித்தால் பைப் வெடித்துவிடும், வெடித்தால் அத்தோடு எல்லாம் போச்சு. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திருக வேண்டும். திருகினேன். "அணைக்காதீங்க! லைட்டப் போடுங்க!" என்று மலையைப் பார்த்துக் கத்தினேன். ஓடை இரைச்சலிலும் சக்கரத்தின் கூவலிலும் என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஃபோனில் சிக்னல் இல்லை. கை திருகிக்கொண்டிருந்தது, கண் மேலே இருந்தது. மொத்த மலையிலும் ஒரேயொரு விளக்குதான் மிச்சமாக எரிந்தது. எங்கள் காம்பரா விளக்கு. கண் கூசும் வெள்ளையாக எரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

படியேறி வந்தபோது எல்லாரும் வாசலுக்கு வந்து இருட்டில் நின்றிருந்தார்கள். அவர்கள் குரலில் சந்தோஷம் இருந்தது. பக்கத்துக் காம்பரா அண்ணன்தான் முதலில் கேட்டார்.

"டீச்சர், நாங்க எல்லாரும் அணைச்சிட்டோம். மெஷினு இப்ப கத்தல பாத்தீங்களா?"

கத்தவில்லைதான். குறட்டையும் இல்லை. நான் உள்ளே ஓடினேன். மதினி மெழுகுவர்த்தியைப் பற்றவைத்திருந்தாள். பிளாஸ்டிக் கருகிய நாற்றம். அம்மா கட்டில் விளிம்பில் குனிந்து உட்கார்ந்து, மூச்சைத் தேடிக்கொண்டிருந்தாள். சின்ன சிலிண்டர் எப்போதோ தீர்ந்திருந்தது.

"பல்பு வெடிச்சிருச்சு டீச்சர், மெஷினும் நின்னு போச்சு. பழைய மெஷினுதானே," என்றாள் மதினி. அவளுக்கு அதற்குமேல் தோன்றவில்லை.

அம்மாவுக்குத் தோன்றியிருந்தது. பெரட்டுக் களத்தில் பேசுவதற்கு முன் அவளிடம்தான் நான் முழுக்கப் பேசிப் பார்த்திருந்தேன். மதினி வெந்நீர் வைக்கப் போனதும் அம்மா என் கையைப் பிடித்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"நல்லதுக்குத்தான்... செஞ்சாங்க. சொல்லிப்புடாத. தாங்க... மாட்டாங்க."

எனக்கு வந்த கோபத்தில் நான்கு லயத்தையும் எழுப்பி நிறுத்திக் கத்தியிருப்பேன். எதற்கு என்று கத்துவது? ஏன் எங்களுக்காக இருட்டில் நின்றீர்கள் என்றா? திட்டக்கூட ஆள் கிடைக்காத கஷ்டம் ஒன்று இருக்கிறதென்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேறு என்ன செய்ய முடியும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

விடிந்ததும், போகக்கூடாது என்ற சரிவு வழியே அம்மாவை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். விளக்கை அணைத்த அதே கைகள்தான். இடுப்பளவு சேற்றில் ஆள் மாற்றி ஆள் மாற்றி, நாற்காலி சாயாமல் தூக்கினார்கள். அந்தப் பக்கம் ஆட்டோ பிடித்துப் பண்டாரவளைக்கும், அங்கிருந்து அம்புலன்ஸில் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கும் போனோம். சில நாட்கள் இருந்தாள். நெஞ்சு முன்பே தேய்ந்துபோயிருந்தது என்று டாக்டர் சொன்னார். அந்த ஒரு இரவு இல்லாமல் இருந்தால் என்று கேட்டேன். அதைச் சொல்ல முடியாதம்மா என்றார். உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை.

டர்பைனை அதன் பிறகு ஓட்டவில்லை. வேகம் தாங்காமல் சக்கர அச்சின் பெயரிங் போய்விட்டது. ஏற்கெனவே தேய்ந்திருந்தது என்று மட்டும் எல்லாரிடமும் சொன்னேன். கம்பி திரும்ப வரும்வரை மொத்த டிவிசனும் மெழுகுவர்த்தியில் கிடந்தது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

கருமாதிக்கு எல்ல என்ற ஊர்ப் பக்கத் தோட்டங்களிலிருந்து சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும்போது பக்கத்துக் காம்பரா அண்ணன் அவர்களுக்கு அந்தச் சாயங்காலத்தைச் சொல்லத் தொடங்கினார். சொல்லும்போதே குரல் உடைந்தது.

"நாலு லயமும் இருட்டுல நின்னோமுங்க. ஒரு வீட்டுல ஒரு பல்பு எரியல. எங்க எல்லாரு வீட்டுக் கரண்டும் அன்னைக்கு அக்காவுக்குத்தாங்க போச்சு."

கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒரு பெரியவர் எழுந்து வந்து அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. எல்லார் வீட்டுக் கரண்டும் அம்மாவுக்குத்தான் போனது.

"ஆமாண்ணே," என்றேன்.