மாப்பிள்ளைக் கார் நிற்கக் கூடாது

மாமாவின் காரில் இரண்டு பேருக்கு மேல் ஏற முடியாது. கல்முனையில் அந்தக் காலத்தில் ஒரு காரில் பெரியவர், சிறியவர், பிரப்பங்கூடை, கோழி எல்லாம் சேர்ந்து போகும். அதனால் ஊருக்கு அது காராகவே படவில்லை. கூரையும் கிடையாது, பின் சீட்டும் கிடையாது. தரையோடு தரையாகக் கிடக்கும். தூரத்தில் வரும்போது யாரோ ஒருவர் வீதியில் உட்கார்ந்தபடியே வேகமாக வருவதுபோல் இருக்கும்.

மாமா என்றால் உம்மாவின் ஒரே தம்பி. எங்கள் வீட்டில்தான் இருந்தார். அம்பாறையில் நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை. தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகு நாட்டை விட்டுப் போன ஒரு வெள்ளைக்காரத் துரையின் கார் பதுளைப் பக்கத்தில் படங்கு மூடிக் கிடப்பதைக் கேள்விப்பட்டுப் போனவர், அதை ஒரு லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் மாமரத்தின் கீழ் இறக்கினார். உம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "மற்றப் பாதி எப்ப வாற?" என்று கேட்டார்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்குப் போகும் நேரம் தவிர மாமாவின் கால்கள்தான் எங்களுக்குத் தெரியும். மிச்சமெல்லாம் காரின் கீழே இருக்கும். எஞ்சினின் தலையைக் கழற்றி லேத்தில் கொடுத்துச் சீவினார். ஒரு காபுரேட்டர் இருந்த இடத்தில் இரண்டைப் பூட்டினார். புகைக்குழாயைத் தானே வளைத்து ஒட்டினார். பாரம் குறைய வேண்டும் என்று பம்பரைக் கழற்றினார். குளிர் நாட்டுக்காரர்கள் கால் காய்வதற்கென்று வைத்திருந்த ஹீட்டரையும் கழற்றிக் கோழிக் கூட்டுக்கு மேலே எறிந்தார். ரேடியேட்டருக்குப் பின்னால் சுழலும் காற்றாடி எஞ்சினின் பலத்தைத் தின்கிறது என்று அதையும் கழற்றிவிட்டார். ஓடுகிற காருக்கு ஓடுகிற காற்றே போதும் என்பது அவருடைய கணக்கு. காற்றாடியின் தகட்டில் கொல்லன் அடித்துத் தந்த கத்தியால்தான் உம்மா மீன் வெட்டினார். நல்ல கத்தி.

சுபஹு தொழுகை முடிந்து வந்ததும் மாமா என்னை ஏற்றிக்கொண்டு அக்கரைப்பற்று வீதியில் விடுவார். எனக்கு அப்போது எட்டு வயது. நிந்தவூர் தாண்டினால் இரண்டு பக்கமும் வயல். கார் அங்கேதான் வாயைத் திறக்கும். என் தலைத்துணி காற்றில் பறக்க, அதைக் கழுத்தோடு பிடித்துக்கொண்டு கத்துவேன். பயத்தில் அல்ல, சந்தோஷத்தில். தார் வீதியில் நெல் காயப்போட வந்தவர்கள் மாமாவைத் திட்டிய திட்டு எங்களை எட்டுவதற்கு முன்பே நாங்கள் அட்டாளைச்சேனையில் இருப்போம். அந்தப் பக்கத்து ஆசனம் எனக்குரியது என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை.

பிறகு மாமாவுக்குக் கல்யாணம் பேசினார்கள். பெண் கடற்கரைப் பக்கத்து ஒரு போடியாரின், பெரிய நிலக்காரரின், மகள். போடியாருக்கு வயலும் உண்டு, இரண்டு ட்ரக்டரும் உண்டு. நெல்லைக் கதிரிலேயே பார்த்து இத்தனை மூடை என்று சொல்லக்கூடியவர். மனிதர்களையும் அப்படித்தான் பார்ப்பார். பேச்சு வார்த்தை முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது மாமரத்தடியைக் காட்டி, "எருமைக்கும் வயல்ல வேலை இரிக்கி. உதுக்கு என்ன வேலை மாப்பிள்ள?" என்றார்.

"அதுலதான் மாப்பிள்ளையா வரப் போறன்" என்றார் மாமா.

போடியார் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "அது நடு வீதியில நிண்டா மானம் ஆருக்குப் போற? என்ட மகளுக்குத்தான். நல்ல கார் ஒண்டு நான் அனுப்புறன்."

"நிக்காது."

"நிண்டா?"

"நிண்டா அடுத்த நாளே விக்கிறன். வித்துப்போட்டு ட்ரக்டர் எடுக்கிறன். எஞ்சின் ஒருக்கா நிண்டாலும் சரிதான்."

இதை வாப்பாவும், பள்ளிவாசல் மரைக்காரும், கதவிடுக்கில் நானும் கேட்டோம். உம்மா குசினியில் தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு வண்டிக்கு என்னத்துக்குடா இந்தப் பிடிவாதம்?" என்று அன்று மாலை கேட்டபோது மாமா எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, "எனக்கெண்டு இது ஒண்டுதானே ராத்தா இரிக்கி" என்றார். எனக்கு அது பொய்யாகப்பட்டது. மாமாவுக்கு அறை இருந்தது, கட்டில் இருந்தது, மாமரத்தடி முழுக்க அவருடையதாகவே இருந்தது.

எங்கள் வீட்டிலிருந்து பெண் வீட்டுக்கு ஒரே நேர் வீதி. நடுவில் பெரிய வீதியைக் கடந்தால் கடல் தெரியும். மாமா அதை ஐந்து நிமிட ஓட்டமாகத்தான் நினைத்திருந்தார். போடியார் நினைத்தது வேறு. கல்யாணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது, மாப்பிள்ளையின் மரியாதைக்காகப் பொல்லடிக்காரர்களைப் பேசி அனுப்பியிருப்பதாகச் சொல்லி ஆள் வந்தது. பொல்லடி என்றால் கையில் கம்போடு வட்டமாகச் சுற்றி அடித்து ஆடிக்கொண்டு மாப்பிள்ளைக்கு முன்னால் போவார்கள். இரண்டு எட்டு முன்னால் வைத்தால் ஓர் எட்டுப் பின்னால் வைப்பார்கள். மாமாவின் கையிலிருந்த ஸ்பானர் அப்படியே நின்றது. ஓடாத காருக்கு ஓடுகிற காற்று கிடையாது.

மாமா பிடித்த பிடியை விடுகிறவர் அல்ல. அன்றைக்கே விறகு வண்டி ஒன்றின் பின்னால் காரை விட்டார். முன்னால் இரண்டு மாடு, பின்னால் மாமாவும் நானும். தபால் கந்தோரடியில் ரேடியேட்டர் கொதித்துச் சீறியது. மாடுகள் மிரண்டன, விறகுக்காரர் எங்களை ஏசினார். அடுத்த நாள் ட்ரக்டர் காற்றாடி ஒன்றைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார். அது பொனட்டுக்குள் அடங்கவில்லை. உம்மாவின் கத்தியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோழிக் கூட்டின் மேல் ஏறினார்.

ஹீட்டர் என்பது இன்னொரு சின்ன ரேடியேட்டர்தான், புள்ள, என்று எனக்கு விளக்கினார். எஞ்சினின் சூட்டைக் கொஞ்சம் எங்கள் கால்மாட்டில் வாங்கிக்கொண்டால் அதற்கு அவ்வளவு பாரம் குறையும். கோழி எச்சத்தைக் கழுவி அதைத் திரும்பப் பூட்டினார். மறுநாள் விறகு வண்டியின் பின்னால் பெரிய வீதிவரைக்கும் கொதிக்காமல் போனோம். இருவரின் கால்களும் வெந்துபோயின. பெரிய வீதிக்கு அப்பால் என்ன செய்வது என்று மாமா சொல்லவில்லை.

கல்யாணத்தன்று அஸர் தொழுகைக்குப் பிறகு வேறு பிரச்சினை வந்தது. மாப்பிள்ளை தானே கார் ஓட்டிக்கொண்டு போகலாமா? கொண்டுபோக ஆளில்லாதவன் என்று ஊர் சொல்லாதா? ஆனால் அந்தக் கிளச்சை வேறு யாராலும் மிதிக்க முடியாது. எல்லோரும் மரைக்காரைப் பார்த்தார்கள். அவர் தாடியைத் தடவிவிட்டு, "அந்தக் காலத்தில மாப்பிள்ள குதிரையில போவாரு. கடிவாளம் ஆர்ட கையில இருந்த?" என்றார். அத்தோடு அது தீர்ந்தது.

பக்கத்து ஆசனத்துக்கு யார் என்பதில் பேச்சே எழவில்லை. சூடு காட்டும் முள்ளைப் பார்க்கத் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். மாப்பிள்ளை நேரே பார்த்து உட்கார வேண்டும். தலைப்பாகையும் கழுத்துவரை மாலையும் இருந்ததால் மாமாவால் குனியவும் முடியாது, திரும்பவும் முடியாது. முள் ஏறினால் நான் அவர் தொடையில் கிள்ள வேண்டும். எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவார்; அவரைக் கொண்டுபோய் விடும் கூட்டத்தோடு அவர் வீட்டுப் பெரிய பெண்கள் போவதில்லை. உம்மா வாசல் படலையடியில் நின்றார். மாமா அவர் கையைப் பிடித்து ஸலாம் சொல்லிவிட்டு ஏறி, எஞ்சினைக் கிளப்பினார்.

பொல்லடிக்காரர்கள் அன்று தங்கள் வித்தை எல்லாவற்றையும் காட்டினார்கள். ஒவ்வொரு வீட்டு முகப்பிலும் ஒரு வட்டம். ஹீட்டர் எங்கள் காலில் நெருப்பாக ஊதியது. கோட்டுக்குள் மாமா நனைந்துவிட்டார். பெரிய வீதிக்கு வரும்போது முள் சிவப்பைத் தொட்டது. நான் கிள்ளினேன். மாமா அசையவில்லை. திரும்பவும் பலமாகக் கிள்ளினேன்.

"எவடத்த நிக்கிது?" என்று உதடு அசையாமல் கேட்டார்.

"சிவப்புல, மாமா. சிவப்புக்குள்ள போகுது."

கச்சான் காற்று வீசும் மாதம் அது. வயல் பக்கமிருந்து முதுகில் அடித்தது. மாமாவின் மாலை முன்னால் பறந்துகொண்டிருந்தது. எங்கள் புகையே எங்களை முந்திக்கொண்டு பொல்லடிக்காரர்களிடம் போய்க்கொண்டிருந்தது. மாமா அந்தப் புகையைப் பார்த்தார். "காத்து பின்னால இரிக்கி" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, சந்தியின் அகலத்தில் காரை ஒரேயடியாகத் திருப்பி, வந்த வழியைப் பார்க்க நிறுத்திவிட்டார். எஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"மாப்பிள்ள திரும்பிப் போறாரு!" என்று யாரோ கத்தினார்கள். பொல்லடி நின்றது. பெண்ணின் காக்காமார், அவளுடைய அண்ணன்மார் மூன்று பேர், சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து காரின் கதவைப் பிடித்தார்கள். ஒருவர் மாமாவின் மாலையையே பிடித்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது.

"உடுங்க மச்சான்" என்றார் மாமா. "நான் போகல்ல. வாறன். இப்படித்தான் வாறன். நீங்க ஆடுங்க."

பின் கியரைப் போட்டார். காற்று இப்போது நேரே ரேடியேட்டரில் அடித்தது. திரும்பிப் பார்க்க அவரால் முடியாததால் நான் ஆசனத்தில் முழங்கால் போட்டுப் பின்பக்கம் பார்த்து வழி சொன்னேன். என் வலது அவருக்கு இடது என்பதால் இருவரும் குழம்பாமல் வடக்கிலும் தெற்கிலும் இருக்கும் ஊர்களின் பெயரைச் சொன்னேன். "பாண்டிருப்புப் பக்கம் ஒள்ளுப்பம்... காணும், காணும். இனி சாய்ந்தமருதுப் பக்கம்." மாமா ஒரு வார்த்தையும் பேசாமல் நான் சொன்ன பக்கம் ஒடித்தார். இடையில் திரும்பி முள்ளைப் பார்த்தேன். சிவப்பை விட்டு இறங்கியிருந்தது. அதைச் சொன்னேன். கடல் எனக்கு நன்றாகத் தெரிந்தது, பந்தல் தெரிந்தது, போடியார் தெரிந்தார். மாமாவின் முகத்தை மட்டும் நான் பார்க்கவில்லை.

பந்தலடியில் போடியார் காரைச் சுற்றி ஒரு தடவை நடந்து வந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. "நிக்கல்லதான்" என்று ஒப்புக்கொண்டார். "ஆனா முதுகைக் காட்டிக்கிட்டு வந்த முதல் மாப்பிள்ள நீங்கதான்." கூட்டம் சிரித்தது. மாமா அப்போதுதான் எஞ்சினை நிறுத்தி இறங்கினார். கண் இரண்டும் சிவந்திருந்ததைப் பார்த்து ஒருவர் என்ன என்று கேட்க, "புகை" என்றார். பெண்ணின் சின்னத் தம்பி வழக்கப்படி அவருக்குக் கால் கழுவி மோதிரம் வாங்கிக்கொண்டான். உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள்.

நான் காரைவிட்டு இறங்கவில்லை. வென்றது நாங்கள். சாப்பாடு முடிந்ததும் வென்ற காரில் வீட்டுக்குப் போக வேண்டியதுதானே? மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் வாப்பா வந்து, "இறங்கு புள்ள, நடந்து போவம்" என்றார்.

"மாமா கொண்டுபோய் உடுவாரு."

வாப்பா காரின் கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அவரையும் ஒரு நாள் இதே மாதிரி எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு எல்லோரும் போயிருக்கிறார்கள். "நாளைக்கு வருவாரு. விருந்துக்கு" என்று சொல்லி என்னைத் தூக்கி இறக்கினார்.

உம்மா இன்னும் படலையடியில்தான் நின்றார். முகம் வீங்கியிருந்தது. நான் ஓடிப்போய், "நிக்கவே இல்ல உம்மா, கார் நிக்கவே இல்ல!" என்றேன்.

"கண்டன்" என்றார் உம்மா. "சந்தியில இருந்து கண்ணுக்கு மறையுமட்டும் எங்கட வாசலையே பாத்துக்கிட்டுப் போனான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அது வாசலைப் பார்க்க அல்ல, கச்சான் காற்று மேற்கிலிருந்து வருகிறது, ரேடியேட்டர் காரின் முன்பக்கம் இருக்கிறது, காற்றாடியும் இல்லை, அதனால்தான் அந்தப் பக்கம் முகத்தை வைத்துப் போனது என்று கையைக் காட்டிக் காட்டி விளக்கினேன். உம்மா கேட்டுக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். ஹீட்டரைப் பற்றியும் சொன்னேன். அதற்கும் அழுதார். பாவம், உம்மாவுக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் விளங்காது என்று நினைத்துக்கொண்டு, முதலிலிருந்து திரும்பவும் சொல்லத் தொடங்கினேன்.